கனம் பார்த்து வாங்கு

ஜூன் 3

வாலுவின் அப்பாவுக்கு,

இங்கே இரண்டு பேரும் நன்றாகத்தான் இருக்கிறோம். அங்கே நீங்களும் அப்படியே என்று வைத்துக்கொள்கிறேன். இரண்டு வருஷத்துக்குப் பிறகு என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறியிருப்பீர்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகிவிடக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன். போன் செய்திருக்கலாம். உங்கள் குரலைக் கேட்டால் எனக்குப் பேச்சு வராது, வந்தால் நிற்காது. அதனால் நீங்களும் எழுதியே பதில் போடுங்கள்.

விஷயம் இதுதான். உங்கள் மகளுக்குக் கம்ப்யூட்டர் வேண்டுமாம். படிக்க இல்லை, விளையாட. கடையில் ரெடியாக விற்பதும் வேண்டாமாம். ஒவ்வொரு பாகமாகப் பார்த்து வாங்கி, அவளே பூட்டப் போகிறாளாம். பதினாறு வயதுக்கு இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று கேட்க மாட்டேன். கண்ணாடி பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

முடியாது என்றுதான் முதலில் சொன்னேன். ஆனால் போன மாதம் அவள் கைக்குப் பயிற்சி கொடுக்கும் அம்மா, இடது கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்னடி பண்ணே? மோதிர விரல் மடங்குதே!" என்றார். தோழி வீட்டில் பத்து நாள் விளையாடினாளாம். அந்த விளையாட்டில் முன்னால் ஓட, பின்னால் வர, திரும்ப எல்லாம் இடது கை விரல்தான் கீபோர்டில் தட்ட வேண்டுமாம். ஐந்து வருஷமாக மெழுகும் ரப்பர் பந்தும் செய்யாததைப் பத்து நாள் விளையாட்டு செய்திருக்கிறது. இதற்கு மேல் நான் எப்படி மறுப்பேன்?

ஆனால் பயமாக இருக்கிறது. சூடு கண்ட பூனை நான். இந்த மாடி வீட்டில் விளக்கும் ஃபேனும் தவிர கரண்டில் ஓடுவது ஒன்றுமில்லை. தையல் மிஷினைக் காலால்தான் மிதிக்கிறேன். தைத்த துணியை இஸ்திரிக்கு வெளியே கொடுத்துவிடுகிறேன். போனுக்குச் சார்ஜ் போட்டால் அது முடியும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். தெருமுனை வரை போனவள் திரும்பி வந்து பூட்டைத் திறந்து, எல்லா சுவிட்சும் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி போகிறேன். அவள் என்னைக் கேலி செய்வாள். ஆனால் அவளும் சுவிட்சை விரலால் தொடுவதில்லை. மர ஸ்கேலால்தான் தட்டுகிறாள். அதை நாங்கள் இரண்டு பேரும் பேசுவதில்லை.

அன்று இஸ்திரிப் பெட்டியை அணைக்காமல் விட்டவள் நான். என் புத்தியை நம்பி இன்னொரு முறை இந்த வீட்டுக்குள் கரண்டு சாமானைக் கொண்டுவர எனக்குத் தைரியம் இல்லை. அவள் கொடுத்த பட்டியலை இத்துடன் வைத்திருக்கிறேன். மதர்போர்டு என்று ஒன்று இருக்கிறதாம். மற்ற எல்லாரும் அதன் மேல்தான் ஏறி உட்கார்வார்களாம். பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது. எதை வாங்கலாம், எது தீப்பிடிக்கும், எழுதுங்கள். நான் உங்களுக்கு எழுதுவது அவளுக்குத் தெரியாது.

இப்படிக்கு,
வாலுவின் அம்மா


ஜூன் 10

அன்புள்ள டெய்லரம்மாவுக்கு,

கடிதம் வந்தபோது கம்ப்ரசர் ரூமில் இருந்தேன். உறையைப் பிரிக்கக் கை வரவில்லை. யூனியன்காரர் ஒருவரைப் பிரிக்கச் சொல்லி, முதல் வரியை மட்டும் படிக்கச் சொல்லிக் கேட்டேன். "நல்லா இருக்காங்கப்பா" என்றார். அப்புறம்தான் மூச்சு வந்தது. நான் நலம். பனிக்கட்டி ஆலையில் வேலை செய்கிறவனுக்கு என்ன, வாடாமல் இருக்கிறேன்.

மோதிர விரல் மடங்குகிறது என்று எழுதியிருந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். எந்த அளவுக்கு மடங்குகிறது? உள்ளங்கையைத் தொடுகிறதா? அடுத்த கடிதத்தில் அதை எழுது.

எனக்குக் கரண்டு தெரியும், கம்ப்யூட்டர் தெரியாது. அதனால் இங்கே சர்வீஸ் கடை வைத்திருக்கும் மூக்குக்கண்ணாடிக்காரரின் ஸ்டூலில் மூன்று சாயங்காலம் உட்கார்ந்து அவர் உயிரை வாங்கினேன். அவர் சொன்னதும் எனக்குப் பட்டதும் இது.

ப்ராசஸரில் படம் காட்டும் வேலையையும் தானே பார்க்கிற வகை இருக்கிறது. அதை வாங்கினால் கிராபிக்ஸ் கார்டு இப்போதைக்கு வேண்டாம். அந்தக் கார்டுதான் பாதிப் பணத்தை விழுங்குகிற பகாசுரன். கார்டு இல்லாவிட்டால் ரேமை ஒன்றாக வாங்காமல் ஜோடியாக வாங்கச் சொல். ஒற்றை மாட்டை விட ஜோடி மாடு வேகமாக இழுக்கும். மதர்போர்டில் பின்னால் கார்டு செருக இடம் இருக்கிறதா என்று பார்க்கட்டும். சேமிக்கிற பாகம் எஸ்எஸ்டியாக இருக்கட்டும். மானிட்டர் பழசானாலும் பாதகமில்லை.

கடைசியாக எஸ்எம்பிஎஸ். சுவரிலிருந்து கரண்டை வாங்கி மற்ற பாகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற தகரப் பெட்டி. அது கேபினட்டுக்குள் மூலையில் கிடக்கும், யார் கண்ணிலும் படாது. அதனால் எல்லாரும் அதில்தான் மிச்சம் பிடிப்பார்கள். பிடிக்காதே. லேபிளில் எத்தனை வாட்ஸ் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், அச்சுக்கு என்ன செலவு? கையில் தூக்கிப் பார். நல்லதில் செம்பும் இரும்பும் இருக்கும், கை இழுக்கும். மட்டமானது காற்றாக இருக்கும். உனக்குப் பெயரும் நம்பரும் வேண்டாம், கனம் பார்த்து வாங்கு.

இஸ்திரிப் பெட்டியைப் பற்றி எழுதியிருந்தாய். அதை விடு. பழசு.

இப்படிக்கு,
உன் கரண்டுக்காரன்


ஜூன் 24

வாலுவின் அப்பாவுக்கு,

மோதிர விரல் உள்ளங்கையைத் தொடவில்லை. நடுவில் ஒரு பென்சில் போகிற இடைவெளி இருக்கிறது. முன்பு என் கத்தரிக்கோல் போகும்.

நீங்கள் எழுதியதை மனப்பாடம் செய்துகொண்டு அவளோடு கடைத்தெருவுக்குப் போனேன். "படம் காட்டற ப்ராசஸரா, ஜோடி ரேமா எடுத்துக்கோ" என்றேன். கடைக்காரர் பில் போடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். இவள் வாயைப் பிளந்துவிட்டாள். "யாரும்மா உனக்குச் சொன்னது?" "தைக்கக் கொடுக்க வந்த ஒருத்தர்" என்று சொல்லி வைத்தேன்.

பாதிதான் கேட்டாள். தோழிகள் விளையாடுவது கார்டு இல்லாமல் தடுக்கித் தடுக்கி ஓடுமாம். கார்டு வாங்கியே ஆக வேண்டுமாம். கார்டு உள்ளே வந்தால் வேறெதுவோ வெளியே போக வேண்டும் அல்லவா? போனது உங்கள் எஸ்எம்பிஎஸ்தான். முன்பக்கம் கண்ணாடியும் உள்ளே கலர் விளக்குமாக ஒரு கேபினட் எடுத்திருக்கிறாள். அதோடு எஸ்எம்பிஎஸ் இலவசம்.

தூக்கிப் பார்த்தேன். காலி டிபன் பாக்ஸ் மாதிரி இருந்தது.

"இது வேண்டாம்டி, கனமே இல்லை" என்றேன். "கனம் பாத்து வாங்க இது என்ன பூசணிக்காயாம்மா?" என்று கடையில் எல்லாரும் சிரிக்கும்படி கேட்டாள். வெளியே வந்த பிறகு வேறு குரலில் சொன்னாள். "உனக்கு எல்லாத்துக்கும் பயம்மா. உன் பயத்தை நான் எத்தனை வருஷம் போட்டுக்கிட்டு நடக்கறது?"

அதன் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. எந்த முகத்தோடு திறப்பேன்? அவள் கையில் இருக்கிற தழும்பு என் கவனக்குறைவு. தீயைப் பற்றி அவளுக்கு உபதேசம் செய்ய உலகத்தில் எல்லாருக்கும் உரிமை உண்டு, எனக்கு இல்லை.

எல்லாப் பெட்டியும் கட்டிலுக்கு அடியில் அடுக்கியிருக்கிறது. ஜூலை ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை காலையில் பூட்டி சுவிட்ச் போடப் போகிறாள். நான் தைக்கிற இடத்திலிருந்து கட்டில் எட்டடி. நேற்று மிஷினில் உட்கார்ந்திருந்தபோது புகை வாசனை வந்தது. எழுந்து மண்டியிட்டு ஒவ்வொரு பெட்டியாக முகர்ந்து பார்த்தேன். கீழ் வீட்டில் குப்பை எரித்திருக்கிறார்கள். திரும்ப வந்து ஊசியில் நூல் கோக்க அரைமணி நேரம் ஆயிற்று.

எனக்கு ஒரே ஒரு உதவி செய்யுங்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று ஒரு வரி எழுதுங்கள். நீங்கள் எலக்ட்ரீஷியன். அன்றைக்கும் சுவிட்ச் போர்டைப் பார்த்த உடனே என்ன நடந்தது என்று சொன்னவர் நீங்கள்தான். நீங்கள் சொன்னால் நம்புவேன்.

இப்படிக்கு,
வாலுவின் அம்மா


ஜூன் 29

டெய்லரம்மா,

அந்தப் பெட்டிக்குக் கரண்டு கொடுக்காதே. அவள் அழுதாலும் கொடுக்காதே. கார்டு இழுக்கிற இழுப்புக்கு அந்தக் காலி டிபன் பாக்ஸ் தாங்காது. அரைமணி தாங்கும், ஒரு நாள் தாங்கும். அப்புறம் தாங்காது.

பயப்பட ஒன்றுமில்லை என்று எழுதச் சொன்னாய். நாலு தாள் கிழித்தாயிற்று. நான் சொன்னால் நம்புவேன் என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரிதான் என்னை எழுத விடவில்லை. சும்மா "வேண்டாம்" என்று மட்டும் எழுதினால், இஸ்திரிப் பெட்டியை மறந்தவளுக்கு என்ன உரிமை என்று நீ மறுபடி வாயை மூடிக்கொள்வாய். அவள் சுவிட்ச் போடுவாள். ஆகவே சொல்கிறேன். இதைப் படிக்கும்போது உட்கார்ந்துகொள்.

இஸ்திரிப் பெட்டி அன்று அணைந்துதான் இருந்தது.

அந்த வீட்டுக்கு ஒயரிங் செய்தது நான். முன் அறையில் டியூப்லைட், ஃபேன்சி சுவிட்ச் எல்லாம் நல்லதாகப் போட்டேன், வருகிறவர்கள் பார்ப்பார்கள் என்று. நீ துணி அடுக்கும் மூலையில் இஸ்திரி பாயின்டுக்கு மட்டும், வேறொரு வேலையில் மிஞ்சிய மெல்லிய ஒயரைப் போட்டேன். அதுவும் நீளம் போதாமல் போர்டுக்குப் பின்னால் முறுக்கி டேப் சுற்றி ஒட்டுப் போட்டேன். யார் கண்ணில் படப்போகிறது? அன்று பள்ளிச் சீருடை எல்லாவற்றையும் நீ மதியம் முழுக்க இஸ்திரி போட்டாய். ஒட்டு சூடேறியிருக்கிறது. நீ முடித்து எழுந்த பிறகும் மரப்பலகைக்குப் பின்னால் கனன்றுகொண்டே இருந்து, சாயங்காலம் துணியைப் பிடித்திருக்கிறது. குழந்தை சீருடைகளை இழுக்க உள்ளே ஓடியது.

தீயை அணைத்த பிறகு முதலில் போர்டைப் பார்த்தவன் நான். சுவிட்ச் பாதி உருகி, ஆஃபிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. பின்னால் என் ஒட்டு கரியாகக் கிடந்தது. வாசலில் ஆட்கள் நின்றார்கள். "எப்படிப்பா?" என்று யாரோ கேட்டார். "அயர்ன் ஆன்ல இருந்திருக்கு" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. எலக்ட்ரீஷியன் வீட்டிலேயே ஒயரிங் எரிந்தது என்று தெரிந்தால் யார் என்னை வேலைக்குக் கூப்பிடுவார்கள் என்ற பயம். ஒரு எலக்ட்ரீஷியன் சொன்னால் யார் மறுப்பார்கள்? நீயே மறுக்கவில்லை. போர்டைக் கழற்றிச் சாக்கில் போட்டுக்கொண்டேன். இன்றும் என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு நாளும் நினைத்தேன். நீ உன்னையே தலையில் அடித்துக்கொள்வதைப் பார்க்கப் பார்க்க, சொல்ல முடியாமல் ஆகிவிட்டது. அந்த முகத்தைப் பார்க்க முடியாமல்தான் இந்த ஊருக்கு வந்தேன். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். எனக்கு வழியெல்லாம் பயம்தான்.

என்னைத் திட்டு. ஆனால் அந்தப் பெட்டியைப் பூட்ட விடாதே.

உன் கரண்டுக்காரன் என்று எழுத இன்று கை வரவில்லை.


ஜூலை 3

வாலுவின் அப்பாவுக்கு,

உட்கார்ந்துதான் படித்தேன். வாசலில் துணி வாங்க வந்தவர் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

நீங்கள் பழியை என் மேல் போட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இல்லை. அது என் மேல் விழவே இல்லை.

அன்று நான் தைத்ததைக் கொடுக்க வெளியே கிளம்பும்போது, "அயர்னை அணைச்சிடுடி" என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனேன். பதினொரு வயது. விளையாடிக்கொண்டிருந்தவள் எழுந்து போய் அணைத்தாள். ஆஸ்பத்திரியில் பத்தாம் நாள், கட்டு மாற்றும்போது, நீங்கள் சொன்னதை யாரோ அவள் காதுபடப் பேசியிருக்கிறார்கள். என் காதோடு சொன்னாள். "அம்மா, நான் அணைச்சேன்னு நினைச்சேன். அணைக்கலை போல. நான்தாம்மா."

நான் என்ன செய்வேன்? "நீ அணைச்சேடி. நான்தான் திரும்ப வந்து போட்டேன், மறந்துட்டேன்" என்றேன். உங்களிடமும் அதையே சொன்னேன். ஊரிடமும் அதையே சொன்னேன். அவள்தான் அணைக்காமல் விட்டாள் என்று நான் மனதுக்குள் நம்பினேன், ஏனென்றால் நீங்கள் சொன்னீர்கள். நான் பொய் சொல்கிறேன் என்று அவளும் கண்டுபிடித்துவிட்டாள். அன்றிலிருந்து சுவிட்சை விரலால் தொடுவதில்லை. தன் விரலையே நம்புவதில்லை அவள். இப்போது புரிகிறதா, அந்த மர ஸ்கேல் யாருடையது என்று?

என்னைத் தப்பாகச் சொன்னதை ஒரு நாள் மறந்தாலும் மறப்பேன். இதை மறக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வாருங்கள். அந்தச் சாக்கையும் கொண்டு வாருங்கள். பூட்டுவதை அதுவரை நிறுத்தி வைக்கிறேன், காரணம் சொல்லாமல். அவளிடம் நான் சொல்ல மாட்டேன். நீங்கள் உருட்டிவிட்ட கல், நீங்களே வந்து புரட்டுங்கள்.

வாலுவின் அம்மா


ஜூலை 6

டெய்லரம்மா,

வருகிறேன்.

மூக்குக்கண்ணாடிக்காரர் கடையில் ஒரு எஸ்எம்பிஎஸ் வாங்கி வைத்திருக்கிறேன். கனம் பார்த்துத்தான். சாக்கை வெளியே எடுத்தேன். ஐந்து வருஷத்தில் முதல் தடவை. அவளிடம் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. வாலு என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாளா?

நான்


ஜூலை 10

வாலுவின் அப்பாவுக்கு,

நேற்றுப் பத்து மணியிலிருந்து ஜன்னலில் நின்றேன். பத்தே காலுக்கு நீங்கள் எதிர் வரிசையில் பூட்டிய கடை வாசலில் நின்றதைப் பார்த்தேன். நரைத்துவிட்டீர்கள். தெருவைத் தாண்டி வந்தீர்கள். கீழே கேட் சத்தம் கேட்டது. படியில் காலடி கேட்டது. கதவைத் திறக்கலாம் என்று போனால் கை தாழ்ப்பாளிலேயே நின்றுவிட்டது. பிறகு காலடி இறங்கிப் போனது. திறந்தபோது பை மட்டும்தான் இருந்தது.

மொத்தம் பதினாலு படி. பை பதினோராவது படியில் இருந்தது.

அவளே போய் எடுத்து வந்தாள். "யப்பா, என்ன கனம்!" என்றாள். எஸ்எம்பிஎஸ் பெட்டியை முதலில் எடுத்தாள். கீழே செய்தித்தாளில் சுற்றிய அந்தப் பழைய சுவிட்ச் போர்டு. அதோடு நீங்கள் எழுதிய துண்டுச் சீட்டு. "வாலு, சுவிட்சைப் பார். நீ அணைத்திருந்தாய். அப்பா பொய் சொன்னேன்." வாயால் சொல்ல இன்னும் மூன்று படி ஏற முடியவில்லை உங்களுக்கு. ஆனால் சொல்லிவிட்டீர்கள். அதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறேன்.

சீட்டை ஒரு முறைதான் படித்தாள். போர்டை மடியில் வைத்துக்கொண்டு, உருகிய சுவிட்சை இடது கை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். நான் பயந்து போனேன். கத்துவாள், அழுவாள், எதையாவது தூக்கி எறிவாள் என்று நினைத்தேன். பிறகு கேட்டாள்.

"அப்போ நான் அணைச்சுத்தாம்மா இருந்தேன்?"

"அணைச்சுத்தான்டி இருந்தே."

"நீ திரும்பப் போடலை?"

"போடலை."

உங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எழுந்து முகம் கழுவி வந்து, கேபினட்டிலிருந்து அந்த இலவசப் பெட்டியின் நாலு திருகையும் கழற்றினாள். நீங்கள் கொண்டுவந்ததை வைத்துப் பூட்டினாள். மதர்போர்டு, ப்ராசஸர், ஜோடி ரேம், கார்டு எல்லாம் வைத்து முடிக்க சாயங்காலம் ஐந்தாயிற்று. நான் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு வாளி மணலும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் பார்த்தாள், இந்த முறை கேலி செய்யவில்லை.

சுவரில் சுவிட்ச் போட வேண்டிய நேரம். ஸ்கேல் மேஜை மேல்தான் இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை. இடது கை மோதிர விரல், அந்த முழுக்க மடங்காத விரலாலேயே அழுத்தினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது கலர் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, வேறெதுவும் எரியவில்லை.

இன்று காலை கடைக்குப் போகும்போது தெருமுனையிலிருந்து திரும்பி வந்து பூட்டைத் திறந்து பார்த்தேன். என் பயம் அவ்வளவு சீக்கிரம் போகாது போலிருக்கிறது. ஆனால் கடையிலிருந்து வரும்போது ஒரு இஸ்திரிப் பெட்டி வாங்கி வந்தேன். இன்னும் பிரிக்கவில்லை.

நானாக இனி உங்களைக் கூப்பிட மாட்டேன். அவள் கூப்பிட்டால் வாருங்கள், மீதி மூன்று படியையும் ஏறி வாருங்கள். கூப்பிடுவாளா மாட்டாளா என்று எனக்கும் தெரியாது, கேட்கவும் மாட்டேன். அதுவரை பயமாகத்தான் இருக்கும். ஐந்து வருஷம் அந்தப் பயத்தை நாங்கள் வைத்திருந்தோம். இனிக் கொஞ்ச நாள் நீங்கள் வைத்திருங்கள்.

இப்படிக்கு,
வாலுவின் அம்மா